கூரை இல்லாத மைனர்

பழைய கார் வாங்கி வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே அவசரம். "எப்ப ஸ்டார்ட் பண்ணலாம் அண்ணே?" இரத்தினபுரி மாவட்டத்தில் இறக்குவானைப் பக்கம் ரப்பர் தோட்டமொன்றின் பங்களாக் கொட்டகையில் கிடந்த மொரிஸ் மைனர் கன்வர்டிபிளை வாங்கிவந்த தம்பியும் அதைத்தான் கேட்டார். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. 1958இல் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய கார்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. 948 சிசி ஏ சீரிஸ். அதைத் திறந்து பார்க்காத பழைய பாஸ்மார் நம் நாட்டில் குறைவு. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். இளகியதும் டெப்பட் 0.012 அங்குலம், பாயிண்ட் 0.015. சாவியைத் திருப்பினால் எஸ்யூ பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் அடங்கும். அடங்காமல் அடித்தால் டாங்கி காலி, அல்லது வருகிற வழியில் காற்று இழுக்கிறது.

கஷ்டம் தகரத்தில்தான். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பொடியே பாரத்தைச் சுமக்கிறது. மூடிய காரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கூரை இழுத்துப் பிடிக்கும். திறந்த காரில் அந்த வேலை முழுவதும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளின் தலையில் விழுகிறது. அதற்காகவே கம்பெனி அங்கே கூடுதல் தகடு வைத்தது. இரத்தினபுரியிலோ வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்தப் பெட்டி உள்ளிருந்துதான் உக்கும்; வெளியே பெயிண்ட் பளபளக்கும். திருப்புளிப் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். பின் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் பொத்தென்று விழுந்தது. முனையை வைத்து அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. செம்மண்ணும் துருச் செதிலுமாகக் கொட்டியது.

இந்த இடத்தில் கட்டரைக் கையிலெடுத்து உக்கியதை வெட்டினால் கார் போச்சு. நடுவில் கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பூட்டாது. சில்லுகள் நிலத்தில் இருக்க, பாரம் வழக்கம்போல் விழ விட்டு, முதலில் கதவு இடைவெளியை அளக்க வேண்டும். மேல் பக்கம் நெருங்கி, கீழ்ப் பக்கம் அகன்றிருந்தால் ஏற்கெனவே தொய்ந்துவிட்டது. ஜாக்கி கொடுத்து அதைச் சரிசெய்து, கதவுத் தூண்கள் இரண்டுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டிய பிறகுதான் வெட்டு. அதுவும் ஒரு பக்கம் முடித்துத்தான் மறுபக்கம். ஒட்டும்போது நீளக் கோடாக இழுக்கக் கூடாது. புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு. சூடு ஏறினால் தகரம் நெளியும். ஒவ்வொரு தடவையும் கதவை மூடிப் பார்ப்பேன். தம்பிக்கு இதெல்லாம் வீண் தாமதமாகத் தெரிந்தது.

பாகம் கிடைப்பதில் நமக்குக் குறையில்லை. அறுபதுகளில் இறக்குமதி இறுகி, 1977 வரை அநேகருக்குப் புதுக்கார் எட்டாக்கனியாக இருந்ததால், தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன கார்களை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கை தானாகப் பழகியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்திவந்த சார்ள்ஸ் வெயார், நம் நாட்டுத் தனபால சமரசேகரவோடு கூட்டுச் சேர்ந்து இலங்கையிலேயே மைனர் பாகம் செய்வித்து அங்கே எடுத்துப்போனார். பிறந்த நாட்டுக்கே நாம் பாகம் அனுப்பியிருக்கிறோம்! சின்னச் சாமான்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகள் போதும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்க விடமாட்டேன். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டுகளை உருவவிடாமல் டோர்ஷன் பார் வழியை மறிக்கும். அதை இளக்கி ஒதுக்கினால்தான் வெளியே வரும். அலுப்புப்பட்டு ரப்பரை மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான்கு சில்லுக்கும் ஒரே குழாய் வழி, இறங்குவதோ தோட்டத்துச் சரிவு. சிலிண்டரைக் கழற்றி உள்சுவரை விரலால் தடவிப் பார்த்தேன், குழி விழுந்திருந்தது. புதிது போட்டோம்.

ஹூட் துணியை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டுமென்று தம்பி நின்றார். லொறிப் படங்கு தைக்கிறவரிடமே கொடுக்கச் சொன்னேன். நம் மழையை அவருக்குத் தெரியும். தையல் துளைகளில் மெழுகு தேய்த்துக் கொடுத்தார். கண்ணாடி விளிம்பில் இன்னும் கொஞ்சம் கசிகிறது. ஈரத்தோடு ஹூட்டை மடிக்காதீங்க, பூஞ்சணம் பிடிச்சிடும் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறே பலாங்கொடைப் பாதையில், தூறலில், ஹூட்டை மடித்துவிட்டுப் போனதாகக் கேள்வி.