கொல்லைப்புற விருந்தினர்

வடசென்னை என்றவுடன் புகைபோக்கிகளும் பாரந்தூக்கிகளும் சரக்கு லாரிகளின் நீண்ட வரிசையுமே பலர் கண்முன் வந்து நிற்கும். இராயபுரத்தில் துறைமுகத்தின் ஓசை ஓயாது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் இரவு பகல் என்னும் வேறுபாடு அறியா. இத்தகைய நிலத்தில் குருவிக்கும் அணிலுக்கும் என்ன வேலை என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் பிழையானது. விடியற்காலையில் இப்பகுதித் தெரு ஒன்றில் சிறிது நேரம் நின்று செவி கொடுத்தால் போதும். முருங்கைக் கிளையில் தேன்சிட்டின் கீச்சொலி கேட்கும். மதில்மேல் அணில் ஒன்று வாலை உதறி உதறிக் கத்தும். தென்னையின் மறைவிலிருந்து செண்பகத்தின் ஆழ்ந்த குரல் எழும்.

இந்நிலம் இயல்பிலே கடற்கரை மணல். காற்று உப்புக் காற்று. கிணற்று நீரோ பல இடங்களில் உவர்நீர். பட்டுப் போன்ற புல்தரையும் அயல்நாட்டு அழகுச் செடிகளும் இங்கே பிழைப்பது அரிது. பிழையாமை ஒருவகையில் நன்மையே ஆகும். தென்னை, வேம்பு, புங்கு, பூவரசு, முருங்கை என இம்மணலுக்கும் காற்றுக்கும் பழகிய மரங்களே எளிதில் வளர்கின்றன; இவ்வூர்ப் பறவைகளும் பூச்சிகளும் நெடுங்காலமாகப் பழகியவையும் அவையே. சென்னையில் வாழ்ந்த இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996), அழகுக்காகப் பிற நாட்டு மரங்களைக் கொணர்ந்து நடுவதை வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை அவர் எழுதி வந்த கட்டுரைகளில் யானைக்கும் புலிக்கும் மட்டுமன்று, வீட்டைச் சுற்றித் திரியும் எளிய உயிர்களுக்கும் இடம் இருந்தது.

பெருந்தோட்டம் உடையார் இப்பகுதியில் மிகச் சிலரே. பலர்க்கு உள்ளது குளியலறைக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட நான்கு முழ நிலம். அதுவும் இல்லாதார்க்கு மாடியில் உடைந்த குடமும் பழைய வண்ண வாளியும் தொட்டி ஆகின்றன. அவற்றுள் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஓர் எலுமிச்சைக் கன்றும் இருந்தால், அழையாமலே ஒரு விருந்தினர் வருவார். எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டை இட்டுச் செல்லும். அதினின்று வெளிவரும் சிறு புழு, பார்வைக்குப் பறவையின் எச்சம் போலவே இருக்கும். எச்சத்தை எப்பறவை உண்ணும்? வளர்ந்தபின் அப்புழு இலையின் பச்சை நிறத்தை ஏற்கும். தொட்டாலோ, தலைக்குப் பின்னிருந்து பிளவுபட்ட கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டிக் கடுநாற்றம் வீசும். இவ்வளவு சூழ்ச்சியும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியில் நடைபெறுகின்றது. இலை கடிபட்டிருப்பதைக் கண்டவுடன் மருந்து தெளிப்பவர் இவற்றுள் ஒன்றையும் காணார்.

வெற்றுமனைகளில் தானே முளைக்கும் எருக்கையும் பலர் களை என்று வெட்டுகின்றனர். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் நச்சுப்பாலுடன் இலையைத் தின்று, அந்நஞ்சையே தனக்குக் காப்பாக உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை அதனைச் சுவைத்த பறவை மறுமுறை நெருங்காது.

கோடையில் உணவினும் நீரே அரிது. லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருக்கள் இப்பகுதியில் பல. அத்தெருக்களிலும் மாடிச்சுவரின்மேல் பறவைக்கென ஒரு மண்தட்டு இருப்பதைக் காணலாம். நீர் நிறைந்த வீட்டார் தரும் நீரினும் இந்நீரே மேலானது என்று எவரும் கூறுவர். தட்டு ஆழம் குறைந்ததாய், இரண்டு விரற்கடை நீர் கொள்வதாய் இருத்தல் வேண்டும். நடுவே சொரசொரப்பான கல் ஒன்றை இட்டால் தேனீயும் அதன்மேல் அமர்ந்து மூழ்காமல் நீர் பருகும். ஆனால் நீரை நாள்தோறும் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. தேங்கிய நீரில் இட்ட முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறக்கும். பறவைக்கு நீர் வைத்துத் தெருவுக்கு டெங்குக் காய்ச்சலைத் தருவது அறம் ஆகாது.

எல்லா விருந்தினரும் அழகராய் வருவதில்லை. சுவரில் பல்லியும், செங்கற் குவியலில் அரணையும், குழாயடியில் தேரையும் குடியிருக்கும். அரணை கடித்தால் மரணம் என்பது பழமொழி. உண்மையில் அரணைக்கு நஞ்சே இல்லை. ஆந்தையின் அலறல் கேட்டால் இறப்பு நேரும் என்று அஞ்சிக் கல் எறிவாரும் உளர். அதன் முதன்மையான உணவு எலி. தானிய மூட்டைகளும் கிடங்குகளும் எலிகளும் மலிந்த துறைமுகப் பகுதிக்கு அதனினும் உற்ற காவலர் யார்? சாரைப்பாம்பும் எலியை உண்பதே; அதற்கும் நஞ்சு இல்லை. எனினும் எப்பாம்பு எது என்று பிரித்தறிவது எளிதன்று. ஆதலின் பாம்பைக் கண்டால் விலகி நின்று, வனத்துறையினரையோ தீயணைப்புத் துறையினரையோ அழைப்பதே முறை. எலிக்கு நஞ்சு வைத்தாலோ, அந்த எலியை உண்ணும் ஆந்தையும் மடியும்.

வீட்டுத் தோட்டத்தால் ஆகாதனவும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அருகிலுள்ள வீடுகளின் சுவர்களிலும் அக்கறுப்பு படிந்தது; மீனவரின் வலைகளும் படகுகளும் பாழாயின. கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்த இறகுகளோடு காணப்பட்டன. இறகில் எண்ணெய் ஏறினால் அது நீரைத் தடுக்கும் ஆற்றலை இழக்கும்; அலகால் அதனைக் கோதித் துடைக்க முயலும் பறவை நஞ்சையும் உடன் விழுங்கும். மொட்டைமாடியில் வைத்த நூறு மண்தட்டுகளும் ஒரு கழிமுகத்திற்கு ஈடாகா. அதனைக் காப்பது ஆலையும் அரசும் ஆற்ற வேண்டிய கடமை. அது வேறு, சிட்டுக்குருவியின் செய்தி வேறு. அது முற்றும் வீட்டாரைச் சார்ந்தது.

சிட்டுக்குருவி காட்டுப் பறவை அன்று. மனிதன் வீடு கட்டிய இடமெல்லாம் அதுவும் உடன் வந்து கட்டியது. ஓட்டு வீட்டின் இறவாணமும், உத்தரத்தின் இடுக்கும், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறமும் அதன் மனைகள். வண்டிகளிலிருந்து சிந்திய தானியம் அதன் உணவு. தெருமணல் அதன் குளியலிடம். புழுதியில் புரண்டு இறகைத் தூய்மை செய்வது அதன் வழக்கம். இன்று ஓடு போய்த் தளம் வந்தது. மணல் மறைந்து சிமெண்டு வந்தது. 2020-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவியின் தொகை பெரிதும் குன்றவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் அது குறைந்து வருகிறது என்றும் கூறியது. அலைபேசிக் கோபுரங்களின்மேல் பழி சுமத்துவது பலர்க்கு எளிதாக உள்ளது. அதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. இடுக்கு இல்லாத சுவரும் புழு இல்லாத தோட்டமும் கண்முன்னே உள்ளனவே!

சென்னையின் கூடுகள் அறக்கட்டளை பள்ளி மாணவர்களைக் கொண்டு மரக்கூடுகள் செய்வித்து வருகிறது. நான்கு ஆண்டுகளில் பதினாயிரம் கூடுகள் செய்யப்பட்டதை 2024 நவம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் எடுத்துரைத்தார். கூட்டின் வாயில் மூன்று சென்டிமீட்டரினும் சற்றே அகன்றிருந்தால் குருவி நுழையும், காகம் நுழையாது. பத்தடி உயரத்தில், பூனை தாவ இயலாத சுவரில், பிற்பகல் வெயில் படாதவாறு அதனைப் பொருத்த வேண்டும். ஆயினும் கூடு மட்டும் போதாது. வளர்ந்த குருவி தானியம் தின்னும். ஆனால் அதன் குஞ்சுக்கு முதல் நாள்களில் வேண்டுவது புழுவும் பூச்சியுமே. தாயும் தந்தையும் மாறி மாறிப் பறந்து அவற்றைக் கொண்டுவரும். மருந்து தெளித்த தோட்டத்தில் தொங்கும் கூடு, அடுப்படி இல்லாத வீடு போன்றது. கறிவேப்பிலைத் தொட்டியில் பேணிய புழுவே ஒருநாள் குருவியின் அலகிற்கு இரையாதலும் கூடும். விருந்தினருள் ஒருவர் மற்றொருவரை உண்ணும் விருந்து இது! வீட்டார் அதற்கு வருந்திப் பயனில்லை. கறிவேப்பிலையை இன்னும் இரண்டு தொட்டிகளில் வைக்கலாம்.

மாட்டியவுடன் கூட்டில் குருவி குடிபுகும் என்று எதிர்பார்த்தலும் கூடாது. திங்கள் பல ஆகலாம். மரக்கூட்டைத் திரும்பியும் பாராமல், மின்சாரப் பெட்டியினுள் வைக்கோல் சேர்க்கும் குருவியும் உண்டு. முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாளும், குஞ்சு பறக்க மேலும் இரு வாரமும் ஆகும். அதுவரை அப்பெட்டியின் பக்கம் செல்லாதிருக்க வீட்டாரால் இயலுமா என்று ஐயுறலாம். 2020-இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில், தெருவிளக்குகளின் விசை இருந்த பெட்டியில் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. ஊரார் கூடிப் பேசினர். குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்து செல்லும் வரை, ஒரு மாதத்திற்கும் மேலாக, அவ்வூர்த் தெருக்களில் விளக்கு எரியவில்லை.