மன்னாருக்கு ஏற்ற பாட்டுப்பெட்டி

கையிலே தொலைபேசி இருக்கும்போது, பாட்டுக் கேட்பதற்கென்று தனியாக ஒரு கருவி எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2001இல் ஐபொட்டை அறிமுகப்படுத்திய அப்பிள் நிறுவனமே 2022இல் அதன் உற்பத்திக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆயினும் மன்னார்க் கரையிலிருந்து பார்ப்பவனுக்கு இதன் விடை சற்று வேறாகத் தெரிகிறது.

முதலாவது, பற்றரி. 1979இல் சோனியின் வோக்மன் வெளிவந்தபோது உலகம் அதன் சிறிய உருவத்தைக் கண்டு வியந்தது. எங்கள் ஊர்களில் அது பரவலாகப் பழகுவதற்குள் போர் வந்துவிட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பற்றரி கொண்டுசெல்ல அனுமதி இருக்கவில்லை. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பல ஊர்களும் இதில் அடங்கும். மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழலவிட்டு வானொலி கேட்டார்கள். சுற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். செய்தி அவசியம், பாட்டு ஆடம்பரம்.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2020இல் மன்னார்த் தீவின் தென்கரையில் நிறுவப்பட்ட 30 காற்றாலைகளைப் பார்த்தபடியே நாங்கள் இருட்டில் இருந்தோம். அத்தகைய நாளில் தொலைபேசியின் மின்சாரம் அவசர அழைப்புக்கு வேண்டும். அதைப் பாட்டில் செலவழிக்க மனம் வராது. ஆகவே கடையில் வாங்கி மாற்றக்கூடிய பற்றரியில் இயங்கும் கருவியே என் முதல் தெரிவு. அது கிடைக்காவிடில், ஒரு முறை மின்னேற்றினால் நெடுநேரம் பாடும் கருவி.

இரண்டாவது, வானொலி. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914இல் தொடங்கிய கப்பல் சேவை, 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடித் துறையை இழந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் 1980களில் போரால் நின்றது. வானொலி அலைகளுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. இடையில் மலையோ கட்டடமோ இல்லாத கடல் என்பதால் தமிழ்நாட்டு நிலையங்களின் ஒலி இன்றும் எங்கள் கரைக்கு வருகிறது. பண்பலை வசதியுள்ள சிறு கருவிகளில் பெரும்பாலும் காதுக்கருவியின் கம்பியே வானலை வாங்கியாகவும் பணிபுரியும் என்பதை வாங்குவோர் நினைவில் வைத்தல் நன்று.

மூன்றாவது, உப்பும் மணலும். கடற்காற்று இரும்பைத் தின்னும். மணல் எந்தத் துளைக்குள்ளும் புகும். கசற் கருவியிலும், தட்டுச் சுழலும் பழைய ஐபொட்டிலும் அசையும் பாகங்கள் உண்டு. நினைவக அட்டையில் இயங்கும் கருவியில் அவை இல்லை. மூடியுள்ள துளைகளும், அழுத்தும் பொத்தான்களும் இருந்தால் இன்னும் நல்லது. ஈரக் கையுடன் தொடுதிரையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இவையெல்லாம் கருவியைப் பற்றியவை. அதற்குள் எதை வைப்பது என்பதே பெரிய கேள்வி.

128 கிலோபிற் தரத்தில் ஒரு மணிநேர எம்.பி.3 ஒலிப்பதிவு ஏறத்தாழ 58 மெகாபைற் இடத்தைப் பிடிக்கும். 32 கிகாபைற் அட்டை ஒன்றில் 500 மணிநேரத்துக்கு மேல் அடக்கலாம். விடிய விடிய ஆடும் நாட்டுக்கூத்துக்கள் பலவற்றை நகத்தளவு அட்டையில் வைத்துக்கொள்ளலாம். திரைப்பாடல்களை இணையச் சேவைகள் தருகின்றன. மன்னாரின் மாதோட்டப் பாங்குக் கூத்துப் பாட்டையும், ஊர்ச் சிற்றாலயத்தில் தவக்காலத்தில் பாடும் பசாமையும் எந்தச் சேவை தேடித் தரும்? அவை யாரோ ஒருவர் வீட்டுக் கசற்றில்தான் இருக்கின்றன.

கனடாவில் இருக்கும் என் மருமகன் விலையுயர்ந்த கருவி ஒன்று அனுப்பவா என்று கேட்டான். "கருவியை இங்கே வாங்கிக்கொள்கிறேன், தம்பி. அம்மா கொண்டுபோன கசற்றுகளைப் பிரதி எடுத்து அனுப்பு" என்றேன். என் தமக்கை இப்போது இல்லை. அவர் பசாம் பாடியதை அயல்வீட்டார் ஒருவர் பதிந்து கொடுத்திருந்தார். இங்கே எங்களிடமிருந்த பிரதி இடப்பெயர்வில் போய்விட்டது. ஊரைவிட்டுப் போனவர்களின் பெட்டியில் ஊர் பத்திரமாக இருந்திருக்கிறது.

ஆகவே புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரியிலும் இப்படி ஒன்று இருக்கக்கூடும். பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே ஓடவிடாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்குங்கள். பழைய நாடா எப்போது அறும் என்று சொல்ல இயலாது. எனவே முதல் முறை ஓடவிடும்போதே கணினியில் பதிவு செய்யுங்கள். சுருக்கப்படாத மூலப்பதிவு ஒன்றையும், கேட்பதற்கு எம்.பி.3 ஒன்றையும் வைத்திருங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். ஒரு பிரதியை ஊருக்கு அனுப்புங்கள். கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். அந்தக் குரல்களைக் கடையில் வாங்க முடியாது.