கற்பிட்டி மணலில் வெங்காயம்

இலங்கையின் வடமேற்குக் கரையில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலமே கற்பிட்டிக் குடாநாடு. அங்கே ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டையை அறிந்தவர் பலர். நம் அடுப்படியில் நாள்தோறும் உரிக்கப்படும் சின்ன வெங்காயத்துக்காக அவ்வூரை நினைப்பவர் சிலரே.

பாலாவியில் திரும்பி, நுரைச்சோலை வழியாக நாம் கற்பிட்டிக்குச் செல்லும்போது, முதலில் உப்பளங்களையும் தென்னந்தோப்புகளையும் காண்கிறோம். அவற்றைக் கடந்ததும் மணற்பரப்பின் நடுவே பச்சைப் பாத்திகள் தோன்றுகின்றன. வெறும் மணலில் வெங்காயம் விளையுமா என்று நாம் வியக்கலாம். மணல் இறுகுவதில்லை, ஆதலால் வேருக்குக் காற்றுக் கிடைக்கிறது, கிழங்கும் தடையின்றிப் பருக்கிறது. ஆனால் அம்மணலில் நீர் தங்குவதில்லை. சல்லடையில் ஊற்றியதுபோல் கீழே இறங்கிவிடும். வெங்காயத்தின் வேரோ ஆழம் செல்லாதது. எனவே சிறிது சிறிதாக, அடிக்கடி இறைக்க வேண்டும். முன்னர் கையால் இறைத்து ஊற்றிய நீரை இன்று இயந்திரம் கிணற்றிலிருந்து எடுத்து, மழைபோற் பாத்திகளில் தூவுகிறது.

நீர் இருந்தால் மட்டும் போதாது. ஒக்டோபர் முதல் பெய்யும் மாரி மழையில் வானம் நாட்கணக்கில் மூடியிருந்தால், ஈரமான இலைகளிற் பூஞ்சண நோய் பற்றுகிறது. இலையில் ஊதாப் புள்ளிகள் படர்கின்றன. சில பாத்திகளில் இலைகள் முறுக்கிக்கொண்டு வீழ்கின்றன. வெயிற்காலத்திலோ இலைப்பேன் பெருகிச் சாற்றை உறிஞ்சுகிறது. ஆண்டின் நடுவில் வீசும் சோளகக் காற்று, தூவிய நீரைத் தன்னோடு அள்ளிச் செல்கிறது.

நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் பயிர் முற்றித் தாள் சாயும். அப்போது இறைப்பை நிறுத்தி, கிழங்கைப் பிடுங்கிக் காயவைப்பார்கள். அந்நாட்களில் வேண்டுவது வறண்ட காற்று ஒன்றே. எதிர்பாராத மழை பெய்தால், நனைந்த கழுத்து வழியாக அழுகல் இறங்கி, கட்டிவைத்த பிடிகளும் கெட்டுவிடும். கடன் வாங்கிப் பயிரிட்ட குடும்பத்துக்கு அந்த ஒரு மழை போதும்.

அப்படியானால் மழை பகையா? அன்று. இக்குடாநாட்டுக்கு நன்னீர் கொண்டுவரும் ஆறு இல்லை. மணலூடே இறங்கிய மழைநீரே கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே அத்தனை அடி உவர் ஏறிவர இடமுண்டு. மாரி பொய்த்த ஆண்டில் அளவின்றி இறைத்தால் கிணறு உவர்க்கும். உப்பைத் தாங்காத வெங்காயத்தின் இலைநுனி கருகும். இன்றைய பயிரை அழிக்கும் மழைதான் நாளைய பயிருக்கு நீர் சேர்த்து வைக்கிறது.

மற்றோர் இடரும் உண்டு. நீரைத் தாங்காத மணல் பசளையையும் தாங்குவதில்லை. பயிர் உண்ணாத நைத்திரேற்று, இறைத்த நீரோடு மீண்டும் நிலத்தடியை அடைகிறது. குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கற்பிட்டியின் பல கிணறுகளில் அவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு நிறமில்லை, சுவையில்லை, கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

தலைமுறையாக வாழ்ந்தவர்களோடு, 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலரும் இக்கரையிற் குடியேறினர். அவர்களிற் பலருக்குத் தோட்டங்களிற் கிடைத்த நாட்கூலியே கைகொடுத்தது. ஆகவே இறைப்பைக் கைவிடச் சொல்வது தீர்வாகாது. பசளையைப் பல தடவையாகப் பிரித்து இடுதல், தொழுவுரமும் கூட்டெருவும் சேர்த்து மணலின் பிடிமானத்தைக் கூட்டுதல், பயிர் கேட்கும் அளவுக்கே இறைத்தல் என்பன கையிலுள்ள வழிகள்.

வெங்காயம் ஒரு போகம் தவறினால் மறுபோகம் விளையும். நிலத்தடி நன்னீர் உவர்த்துவிட்டால், அது தேறப் பல மாரிகள் வேண்டும்.