தேயும் ஒலி

பியானோவின் சுரம் பிறந்த கணமே தேயத் தொடங்குகிறது. சுத்தியல் தந்தியைத் தட்டி மீண்டபின், கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் அவ்வொலி வளராது. பாடுவோர் குரலுக்கு இக்குறை இல்லை. ஆயினும் போலந்து நாட்டு இசைமேதை ஷோப்பன், பாடகரைக் கேட்டே வாசிக்கப் பழகுமாறு தம் மாணவர்க்குக் கூறிவந்தார்.

1832இல் வெளியான அவருடைய ஈ பிளாட் நாக்டர்னை மாலைதோறும் வாசித்து வருகிறோம். அறுபதைக் கடந்த நம் விரல்களுக்கு வேகம் இனி வாராது, செவியே துணை. பெடலை ஓயாது மிதித்து ஒலிகளைக் கலக்குவதை உணர்ச்சி என்பாருமுளர். நமக்கு அது உடன்பாடன்று. இடக்கை தாளத்தைக் காக்க, வலக்கை சற்றே தயங்கலாம். ஒரு சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதெனக் கேட்டு, அம்மென்மையிலிருந்தே அடுத்ததை எழுப்ப முயல்கிறோம். மிக மெல்லத் தொட்டாலோ சுத்தியல் தந்தியை எட்டுவதில்லை. நேற்று நான்கு சுரங்கள் ஒரே மூச்சாய் வந்தன, ஐந்தாவது ஒலிக்கவில்லை.