தொகுத்த காட்சிகளை எவ்வடிவில் காப்பது?

மறைந்த தாயின் குரல் ஒலிக்கும் பழைய மினிடிவி நாடாக்களைக் கணினியில் தொகுத்து முடித்துவிட்டீர்களா? டிவிடியில் பதித்தவுடன் மூலக்கோப்பை அழித்துவிடாதிருங்கள். நாடாவிலிருந்து இறக்கிய காட்சி மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி. சாதாரண டிவிடி கொள்வதோ 4.7 ஜிபி. கண் எளிதில் கவனியாத நுட்பங்களை நீக்கியே எம்பெக்-2 முறை அதைச் சுருக்குகிறது. நீக்கியவை திரும்புவதில்லை; பேரப்பிள்ளைகள் அதை மறுபடியும் தொகுத்தால் இழப்பு இன்னும் கூடும். உறவினருக்குக் கொடுக்க டிவிடி போதும், உறையும் அழகாயிருக்கும். தொகுத்த காட்சியையோ, நாடாவில் இருந்த அதே வடிவில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் சேமியுங்கள். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். கூடவே ஒரு குறிப்பில் ஆண்டையும், காட்சியில் இருப்போரின் பெயர்களையும் எழுதிவையுங்கள். அம்முகங்களை அடையாளம் காட்டக்கூடியவர் உங்கள் குடும்பத்தில் இன்று ஒரே ஒரு பெரியவராயிருக்கலாம்.