விதைத்தது காய்ந்தது, கிடந்தது முளைத்தது

இலங்கையின் தம்புள்ளையில் குகைக்கோயில் பார்த்தவர்கள் அடுத்து சீகிரியாவுக்கு வண்டி ஏறுவார்கள். நான் கண்டலமைச் சாலையில் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். கண் கூசும் வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் தலைக்கு மேல் கிளை கோத்து நின்றன. இதுதான் பாப்ஹாம் மரத்தோட்டம்.

1963-ல் இது காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்து கைவிட்ட முள்ளுக்காடு. தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்த சாம் பாப்ஹாம் இங்கே நிலம் வாங்கி, இந்த மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் தூவினார். பிழைத்தவை சொற்பம். மாத்தளை மாவட்டத்தின் இந்த வடகோடியில் வாடைக்காற்று மழை ஓய்ந்தால் மாதக்கணக்கில் வறட்சிதான்.

அப்புறம்தான் அவர் முள்ளுக்குள் குனிந்து பார்த்திருக்கிறார். பறவை எச்சத்தில் விழுந்தது, காற்று கொண்டுவந்தது, வெட்டுப்பட்ட வேரிலிருந்து துளிர்த்தது என்று மரக்கன்றுகள் ஏற்கெனவே அங்கே இருந்தன, மூச்சுமுட்டிக்கொண்டு. நடுவதை விட்டார். கன்றைத் தொடாமல் சுற்றியுள்ள புதரை மட்டும் வெட்டினார், நெருக்கமாக நின்றவற்றைக் களைந்தார். அவ்வளவுதான் அவர் முறை. அந்த எளிமைதான் என்னை அசைத்தது.

கூட வந்த ஆட்டோக்காரர் மாத்தளைத் தமிழர். தரையில் கிடந்த முதிரைக் காயொன்றை எடுத்துத் தந்தார். மூன்றாகப் பிளந்திருந்தது. உள்ளே ஈசல் சிறகுபோல ஒரே ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதினேன், சுழன்றுபோய்ப் புல்லில் விழுந்தது.

"இந்தப் பெரிய மரமெல்லாம் யாரும் நட்டதில்லைங்கையா. இடம் விட்டாங்க, வந்திருச்சு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சிவகங்கைப் பக்கம் எங்கள் கரம்பில் மூன்று வருஷம் விதை தூவி, மூன்று வருஷமும் காயவிட்டிருக்கிறோம். அங்கே காரைப்புதருக்குள் எத்தனை வேம்பு, எத்தனை வீரை ஒடுங்கிக் கிடக்கிறதோ, ஒருநாள்கூட விலக்கிப் பார்த்ததில்லை.

இருட்டியதும் டார்ச் வெளிச்சத்தில் கிளையொன்றில் இரண்டு செம்பொறிகள் மின்னின. தேவாங்கு! அசையாமல் எங்களைப் பார்த்தது. அறுபது வருஷத்துக்கு முன் முள்ளாக இருந்த இடத்தில் அதற்கு வீடு கிடைத்திருக்கிறது.

அறைக்குத் திரும்பியதும் ஊருக்குப் போன் போட்டேன். "தம்பி, கரம்பைச் சுத்தம் பண்ண ஜேசிபி சொல்லியிருந்தியே, வேண்டாம்னுடு. நான் வந்து அரிவாளோட இறங்குறேன்."