காலுக்குச் சொந்தம், பலகைக்கு வாடகை

குளிர்காலத்தில் குல்மார்க் போகிறவர்களில் பெரும்பாலோர் பனியைத் தொடுவதற்கு முன்பே ஒரு வாடகைக் கடையில் நிற்கிறார்கள். தங்மார்க்கில், மலையேறும் வண்டிகளின் டயருக்குச் சங்கிலி மாட்டும் இடத்திலேயே, ரப்பர் பூட்ஸும் கனத்த ஓவர்கோட்டும் வரிசையாகத் தொங்குகின்றன. பனியில் நின்று படமெடுத்துக்கொண்டு அன்றைக்கே ஸ்ரீநகர் திரும்பும் குடும்பங்களுக்கு அது போதும். 13 கிலோமீட்டர் மேலே, குல்மார்க்கில், சுவரில் சாய்ந்து நிற்கும் சரக்கே வேறு: ஸ்கீக்கள், அவற்றுக்கு நடுவே ஸ்னோபோர்டுகள்.

இங்கே ஸ்கீ பழசு. 1927-லேயே ஆங்கிலேய அதிகாரிகள் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டி, பக்கவாட்டில் நின்றபடி சறுக்கும் ஸ்னோபோர்ட் இளையது. ஒலிம்பிக்ஸில் அதற்கு இடம் கிடைத்தது 1998-ல்தான். குல்மார்க்கின் கோண்டோலா முதல் கட்டம் ஓடத் தொடங்கியதும் அதே வருடம். இரண்டாம் கட்டம் 2005-ல் வந்தபிறகு, சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் உள்ள அஃபர்வத்துக்கு யாரும் நிமிடங்களில் போய்விடலாம். இறங்குவதுதான் அவரவர் பாடு.

ஒரு தடவை கற்றுக்கொண்டவருக்கு அடுத்த வருடமே ஆசை வந்துவிடும்: சொந்தமாக வாங்கிவிட்டால் என்ன? கணக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. பலகை, பாதத்தைப் பூட்டும் பைண்டிங், பூட்ஸ் மூன்றும் புதிதாக வாங்கினால் அரை லட்சம் சுலபமாகப் போய்விடும். நாள் வாடகை ஆயிரம் ரூபாய் என்றே வையுங்கள். வருடத்துக்கு ஐந்து நாள் சறுக்குபவருக்குப் போட்ட பணம் திரும்பப் பத்து வருடம். மீதி 360 நாள் பலகை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். சென்னை, மும்பை போன்ற கடலோர ஊர் என்றால் அதன் எஃகு விளிம்பைத் துரு தின்னும். விமானத்தில் சாதாரணமாக அனுமதிக்கும் 15 கிலோவுக்குள் பலகையையும் கம்பளி உடைகளையும் அடக்க முயன்றவர்களுக்கு மற்ற சங்கடமும் தெரிந்திருக்கும்.

ஆனால் பூட்ஸ் விஷயம் அப்படியல்ல. ஸ்னோபோர்டில் திரும்புவது என்பது குதிகாலுக்கும் விரல் நுனிக்கும் மாறி மாறி எடையைக் கொடுப்பது. பூட்ஸுக்குள் குதிகால் அரை அங்குலம் எழும்பினாலும் கால் சொல்வது பலகைக்குக் கேட்காது. வாடகை பூட்ஸின் உள்மெத்தை நூறு கால்கள் நுழைந்து தளர்ந்து போயிருக்கும். நேற்று போட்டவரின் ஈரம் காயாமல் இருப்பதும் உண்டு. புதியவர் பலர் 'எனக்கு இது வராது' என்று இரண்டாம் நாளே பின்வாங்குவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தொளதொளப்புதான் என்பது என் அபிப்பிராயம். சொந்த பூட்ஸ் நாலைந்து நாளில் உங்கள் காலின் வடிவத்துக்கு இணங்கிவிடும், பெட்டிக்குள்ளும் அடங்கும். வாங்குவதென்றால் முதலில் இதை வாங்குங்கள். கையுறையும் கண்ணாடியும் அதற்கு அடுத்தது.

பலகையை வாடகைக்கே எடுக்கலாம் என்பதற்குக் குல்மார்க்கில் தனிக் காரணமும் உண்டு. கோண்டோலா நிலையத்துக்கு அருகே, கற்றுக்கொள்கிறவர்கள் விழுந்து எழும் தட்டையான சரிவில், மென்மையாக வளையும் குட்டைப் பலகை நல்லது. அஃபர்வத்தின் ஆழமான புதுப்பனியில் அதே பலகையின் மூக்கு புதைந்து ஆளைக் குப்புறத் தள்ளும். அங்கே நீண்டு அகன்ற மூக்கு வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு பலகை தேவைப்படும் ஊரில் ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு போவானேன்? பனி மெலிந்த டிசம்பரில் ஒளிந்திருக்கும் பாறைகள் பலகையின் அடிப்பாகத்தைக் கீறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பைண்டிங் திருகாணிகளை உங்கள் முன்னால் முடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கால் முன்னால் என்று கடைக்காரர் கேட்பார். யாராவது முதுகில் தள்ளினால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, அதுவே பதில்.

ஒரு சாமானில் மட்டும் பேரமும் சிக்கனமும் கூடாது. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி அது. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இரண்டு பேரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இந்த மலையின் பனிச்சரிவுகளில் இறந்தார்கள். வாடகைக்கு எடுத்தால் பேட்டரியைப் பார்த்து, இன்னொரு கருவியை ஒளித்துவைத்துத் தேடிப் பார்த்தபிறகே மேலே போக வேண்டும். மண்வாரியும் துழாவும் கம்பும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் கூட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பனி வர வேண்டுமே. டிசம்பர் 21 முதல் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்கிறார்கள். வருடத்துப் பனி அப்போதுதான் சேரும். 2024-ல் ஜனவரி கடைசி வரை குல்மார்க் பழுப்புப் புல்லோடு கிடந்தது. வந்தவர்கள் முன்பதிவை ரத்து செய்துவிட்டுப் போகலாம். கடையில் அடுக்கிய ஐம்பது பலகைக்கு முதல் போட்டவர் எங்கே போவார்? அவருடைய வருடம் அந்த இரண்டு மூன்று மாதம்தான். பிப்ரவரியில் பனி கொட்டியபோது பருவத்தில் பாதி போயிருந்தது. 2025-லும் பனிக் குறைவால் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

மார்ச் கடைசியில் ஊர் திரும்பும் வெளிநாட்டவர் சிலர் சுமை வேண்டாமென்று தங்கள் பலகையைக் கடையிலேயே விற்றுவிட்டுப் போகிறார்கள். விலையை அவர் ஒன்று சொல்ல, கடைக்காரர் ஒன்று சொல்ல, கடைசியில் ஒரு கோப்பை கஹ்வாவோடு முடிகிறது. வாங்கினதும் கடைக்காரர் அதன் விளிம்பைத் துடைத்து, மெழுகு பூசி, உள்ளறையில் சாத்திவைக்கிறார்.